நீ காய்ச்ச வேண்டிய பால்

கேமரன் மலை,
16.12.1979

அன்பு மகள் அம்சவல்லிக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் துணையில் நானும் அம்மாவும் மருந்து மாத்திரை இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த லீட்ஸ் குளிரில் நெஞ்சுச்சளி வராமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா சொல்கிறாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். உன் கடிதம் வந்தது. நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாய், சந்தோஷம், தேயிலை பேக்டரியில் எல்லாருக்கும் சொன்னேன், கணக்கெழுதும் கிராணி கூட கை கொடுத்தார். பிரசவம் பார்க்கும் படிப்பையும் இன்னும் ஒரு வருஷம் இருந்து முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அதே கடிதத்தில் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அது சரியா தப்பா என்று பேச நான் உட்காரவில்லை, படிப்பு நல்லதுதான். கேட்டுவிட்டு முடிவு செய்வது ஒன்று, முடிவு செய்துவிட்டுச் சொல்வது ஒன்று, அதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, என்ஜின் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டு நான் என்ன எழுதுகிறேன் என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எழுத வேண்டிய சங்கதி நம் புது வீட்டைப் பற்றியது. கம்போங் ராஜாவில் கடைகளுக்கு மேலே மேட்டில் நாம் கட்டிய வீடு முடிந்து சும்மா கிடப்பது உனக்குத் தெரியும். இலை உலர்த்தும் டிரையர் எந்த நேரம் நின்றாலும் பிட்டர் எங்கே என்று என்னைத்தான் தேடுவார்கள், அதனால் தோட்டத்துக் குவாட்டர்ஸை விட்டு நாங்கள் அங்கே போய் இருக்க முடியாது. நீ திரும்பி வந்ததும் உன் கையால் அடுப்புப் பற்றவைத்து முதல் பால் காய்ச்ச வேண்டும், அதுவரை அந்த அடுப்படியில் யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று சொன்னது நான், சரிப்பா என்று எழுதியது நீ. அதை நம்பித்தான் பூட்டி வைத்திருந்தேன். இந்த வருஷ மழையில் பலகைச் சுவரெல்லாம் பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டது, ஜன்னல் ஊறிப்போய் மூடினால் திறப்பதில்லை, திறந்தால் மூடுவதில்லை. ஆள் மூச்சு படாத வீடு நோயாளி மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நீ வரவில்லை என்று தெரிந்த பிறகு, சரி, ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டியது தப்பு. வந்து சேர்ந்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

பெயர் நாகரத்தினம். வாத்தியார். தெலுக் ஆன்சனிலிருந்து மாற்றலாகி ஜனவரியில் இங்கே பள்ளிக்கூடம் திறக்கும்போது வருகிறார். மனைவி தங்கம்மா, அதிகம் பேசாத அம்மா. ஒரே மகள், சீதா, உனக்கும் அவளுக்கும் ஒரே வயது. போன மாதக் கடைசியில் மூன்று பேரும் வீடு பார்க்க வந்தார்கள். அவர் கீழே கடலோரத்துக்காரர் என்பதால் இரண்டு சுவெட்டர், கழுத்தில் மப்ளர், அதற்கு மேல் ஒரு துண்டு. எனக்கு நாற்பத்தொன்று, தலையில் ஒரு நரை கிடையாது, என்னைப் பார்த்த உடனே 'தம்பி' என்றார். உள்ளே வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. இந்த ஜன்னல் காற்று வரும் பக்கம் இருக்கிறது, அந்தக் கதவு உள்பக்கம் திறக்கிறது, முன்வாசல் படி வழுக்கும், கக்கூஸுக்குப் போகும் வழியில் கூரை வேண்டும். குளிக்கும் அறையில் குழாயைத் திறந்து விரலை நீட்டிவிட்டு, 'இந்தத் தண்ணில குளிச்சா நேரா சுடுகாடுதான் தம்பி, துண்டு கூட தேவைப்படாதுலா' என்றார். அதற்கு உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உனக்காகப் போட்டு வைத்த எலுமிச்சை ஊறுகாயில் ஒரு போத்தலை எடுத்து அந்தத் தங்கம்மாவிடம் கொடுத்துவிட்டாள், அக்கா அக்கா என்று வேறு.

அந்தப் பெண் சீதாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் குறை சொல்லும்போதெல்லாம், 'அப்பா, சும்மா இருங்கப்பா, வீடு பாக்க வந்தோமா வம்பு பண்ண வந்தோமா' என்று அதட்டிக்கொண்டே அவர் கழுத்து மப்ளரைச் சரிசெய்தாள், வழுக்குகிற படியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை, பேச்சிலேயே இருந்தார். கவனிக்காமல் இருக்கிற வசதி அவருக்கு இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஏன் அந்த ஆளைக் கண்டால் எரிச்சல் என்று அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டாள், தொணதொணப்பு பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

கடைசியில் அடுப்படிக்கு வந்தார். அடுப்பு மேடை நான் என் கையால் போட்டது, உனக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார், வழியில் கோயிலில் கொடுத்ததாம், அதை மேடை மேல் வைத்தார். அது உருண்டு போய்த் தொட்டியில் விழுந்தது. 'மேடை கோணலா இருக்கே தம்பி, ரசமட்டம் வெச்சிப் பாக்கலியா' என்று என்னிடம் கேட்கிறார். சான்றிதழ் வாங்கிய பிட்டரிடம் ரசமட்டம் பற்றிக் கேட்கிறார். கோணல் இல்லை, சரிவு, கழுவின தண்ணீர் தேங்காமல் தொட்டிக்கு ஓட வேண்டும் என்று வேண்டுமென்றே போட்டது என்றேன். அதற்கு அவர், 'அது சரி, தண்ணி ஓடட்டும், பால் எங்க ஓடும்? தொட்டி மேக்கால இல்ல இருக்கு? பால் கெழக்கால பொங்கி வழிஞ்சாத்தான குடும்பத்துக்கு நல்லது? ஒடச்சிட்டு சமமாப் போட்டுக் குடுத்துடுங்க' என்றார். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கிறது, அப்போது மார்கழி நடக்கும், மார்கழியில் புது வீட்டுக்குப் போகக் கூடாது, அதனால் கார்த்திகை முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பால் காய்ச்சி உப்பும் அரிசியும் வைத்துவிட்டுப் போனால் பிறகு எப்போது சாமான் இறக்கினாலும் தோஷமில்லை என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

அம்சா, மேடையை உடைக்கச் சொன்னதற்குக்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. பால் என்று சொன்னாரே, அங்கேதான் வந்தது. வாடகைக்கு வருகிறவர் சாமானை இறக்கினால் போதும், பால் காய்ச்சுவது வீட்டுக்காரன் வேலை, அதற்கு எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அதுவரை வாயைத் திறக்காத தங்கம்மா அப்போதுதான் பேசினாள். 'பால் காய்ச்சாத வூட்டுல நான் தலை வெச்சிப் படுக்க மாட்டேங்க. சங்கடம்னா சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்' என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். முடிவைச் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார்கள்.

அதன் பிறகு நம் வீட்டில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. உன் அம்மா அவர்கள் கட்சி. பாப்பா வரும்போது இன்னொரு தடவை காய்ச்சினால் போகிறது, பாலுக்கா பஞ்சம், மாட்டுக்காரச் சின்னையா செத்தா போய்விட்டார் என்கிறாள். முதல் தடவை என்பது ஒரு தடவைதான், இரண்டாவது முதல் தடவை என்று ஒன்று கிடையாது என்றேன். அவள் உன் கடிதத்தை எடுத்து வந்து அந்த வெள்ளைக்காரம்மாவைப் பற்றி எழுதியிருக்கிற பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். நான் வேறு பக்கத்தைப் படித்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் அவளுக்குப் பக்கம் தெரியும், அது இல்லை, மூலையில் மஞ்சள் பட்டிருக்கே அது என்றாள். படித்தேன். நீ அறை எடுத்துத் தங்கியிருக்கும் வீட்டு மிஸஸ் பெய்லி உனக்குத் தன் அடுப்பைத் தந்ததும், கடுகு வெடிக்கிற சத்தத்துக்குப் பயந்து முதல் நாள் வெளியே ஓடியதும், இப்போது அவரே ரசம் கேட்பதும், கணப்பு மேல் அவர்கள் வீட்டுப் படங்களுக்கு நடுவே முருகன் படத்தை வைக்கச் சொன்னதும், அவர் மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் இருப்பதும் எல்லாம். படித்து முடித்ததும் அம்மா கேட்டாள், 'அவ என்ன, என் பொண்ணு வந்துதான் பத்த வெக்கணும்னு அடுப்படியப் பூட்டியா வெச்சிருந்தா? நம்ம புள்ளைக்குக் குடுத்தாள்ல?' என்று. கோபம் இன்னும் கூடியது. எழுந்து பேக்டரிக்குப் போய்ச் சுத்தமாக இருந்த பில்டரைக் கழற்றி மறுபடியும் சுத்தம் செய்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு அந்த மிஸஸ் பெய்லியையும் பிடிக்கவில்லை. மூன்று பக்கக் கடிதத்தில் ஒரு பக்கம் அவருக்கு, எனக்கு இரண்டு வரி.

சரி, வரச் சொல் என்று ஆள் அனுப்பினேன். ஆனால் மேடையைத் தொடவில்லை. என் மனதில் ஓடியது இதுதான், பால் மேற்கே ஓடட்டும், தொட்டியில் விழட்டும், அதைப் பார்த்து அந்தம்மா மிரண்டு பஸ் ஏறட்டும், வீடு பூசணம் பிடித்தாலும் உனக்கென்று கிடக்கட்டும். மேடையை உடைக்காமலேயே இதைச் சரிசெய்யலாம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். என்ஜின் காலடியில் தகடு வைத்து மட்டம் எடுப்பது என் பிழைப்பு. நான் சொல்லவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை வந்தார்கள். முதல் நாளே கிளம்பித் தாப்பாவில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலை முதல் பஸ்ஸில் மலையேறி, தானா ராத்தாவிலிருந்து திரிங்காப்புக்குக் காலியாகத் திரும்பிய காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டார்கள், டிரைவர் பாவம் பார்த்துக் கம்போங் ராஜா வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறான். வாத்தியார் மப்ளரில் ஒரு முட்டைக்கோஸ் இலை ஒட்டியிருந்தது, யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சீதா மஞ்சள் கட்டிய புதுப் பானையை மடியில் வைத்துக் கைப்பிள்ளை போலத் தூக்கி வந்தாள். சின்னையாவின் பால் வந்தது. அவர்கள் கொண்டுவந்த மண்ணெண்ணெய் அடுப்பை மேடை மேல் வைத்தார்கள். வாத்தியார் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தார், அது முன் போலவே உருண்டு தொட்டிக்குப் போனது. இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவில்லை. வாய் ஓயாத ஆள் வாயை மூடினால் பார்க்கச் சகிக்கவில்லை. தங்கம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். பிறகுதான் அம்மா மூலம் தெரிந்தது, முன்னால் இருந்த வாடகை வீட்டில் பால் காய்ச்சாமல் குடிபோய், அந்த வருஷமே அவர்களுடைய மூத்த பையன் ஆற்றில் போய்விட்டான். அப்போது எனக்குத் தெரியாது.

சீதா என் பக்கம் திரும்பி, 'மாமா, இப்படியே வெச்சா மேக்கால ஓடிடுமா?' என்று கேட்டாள். அவள் அப்பாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். பின்னக் கணக்கு வராமல் நீ சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பேக்டரி வாசலுக்கே வந்து நிற்பாயே, அந்த மாதிரி. கேள்வி சரியாக இருந்தால் தப்பான விடை சொல்ல எனக்கு வராது. ஓடும் என்றேன். சொன்ன கையோடு வேலைச் சட்டைப் பையில் கையை விட்டு இரண்டு தகடுகளை எடுத்து, அடுப்பின் தொட்டிப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் சொருகினேன். மேலே ஒரு தட்டை வைத்து அதே எலுமிச்சம்பழத்தை வைத்தேன், கிழக்கே உருண்டு அந்தப் பெண்ணின் கையில் விழுந்தது. வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பிவிட்டது. 'அடப்பாவி தம்பி, இத அன்னைக்கே சொல்லக் கூடாதா, ராவெல்லாம் தூக்கமில்ல எனக்கு' என்றார். நீங்கள் மேடையை உடைக்கத்தானே சொன்னீர்கள், வழி கேட்கவில்லையே என்றேன். 'கேட்டிருந்தா மட்டும் சொல்லிருப்பீங்களாக்கும், மொகத்தப் பாத்தா தெரியாதா' என்றார். உன் அம்மா சிரித்தாள். அதுவும் அவர் சொன்னதற்குத்தான்.

தீக்குச்சி கிழித்தது அந்தப் பெண்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், வெளியே பனி, பார்க்க ஒன்றும் இல்லை. மலைமேல் கொதி சீக்கிரம் வரும் என்பது கீழே இருந்து வந்தவர்களுக்குத் தெரியாது, நேரம் இருக்கிறது என்று வாத்தியார் சூரியன் தெரிகிறதா பார்க்கப் பின்பக்கம் போய்விட்டார், பெண்கள் இரண்டு பேரும் முன்னறையில் உப்பும் அரிசியும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சீதா, 'அப்பா! அப்பா, பொங்குதுப்பா, ஓடியாங்க!' என்று கத்தினாள். 'வந்துட்டேம்மா' என்று சொல்லிக்கொண்டு நான் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். கால் தானாகப் போய்விட்டது. பால் நுரைத்து எழும்பிக் கிழக்குப் பக்கமாக அழகாக வழிந்தது, மூன்று பொங்கு. அந்தப் பெண் முகமெல்லாம் வெளிச்சமாக என்னைப் பார்க்கிறாள், நான் திரியைத் தணித்தேன். அதற்குள் அவர் செருப்போடு உள்ளே ஓடிவந்தார், நான் விலகி இடம் விட்டேன். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை, உன் அம்மாவைத் தவிர. வாசலில் உப்புச் சட்டியோடு நின்றிருந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

முதல் டம்ளர் பாலை வீட்டுக்காரருக்கு என்று தங்கம்மா என்னிடம்தான் கொடுத்தாள். குடித்தேன், சர்க்கரை அதிகம். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த வருஷம் என் மகள் வருகிறாள், அன்றைக்கு ஒரு காலை இந்த அடுப்படி எங்களுக்கு வேண்டும் என்று. 'ஒரு காலை என்ன தம்பி, அன்னைக்கு அடுப்படி அவங்களுது, நாங்க விருந்தாளி, எலை போட்டா ஒக்காந்து சாப்புடுறோம்' என்கிறார். சண்டை போடக்கூட இடம் தராத ஆள். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏற்றிவைத்த விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மாவிடம் எண்ணெயும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நேற்றும் இன்றும் உன் அம்மா காலையில் பசியாறும் முன்னாலேயே மேடு ஏறிப் போய்விட்டாள். தகடு இரண்டும் அடுப்போடு போகவில்லை, நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், அவை உனக்கு.

மற்றபடி இங்கே மழைதான். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது, எழுதாதே என்கிறாள், எழுதிவிட்டேன். நீ கம்பளிக் கோட்டு வாங்கியதாக எழுதினாய், அதைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள். இருட்டிய பிறகு வேலை முடிந்தால் தனியாக நடக்காதே, கூட வேலை செய்கிற பிள்ளைகளோடு சேர்ந்து வா. பிரசவம் பார்க்கும்போது அவசரப்படாதே, என் புத்தி உனக்கு வந்திருக்கிறது, அம்மா புத்தியைக் கொஞ்சம் எடுத்துக்கொள். பேக்டரியிலேயே நல்ல இலையாகப் பார்த்து இரண்டு பொட்டலம் தேயிலைத்தூள் தனியாகக் கப்பலில் அனுப்பியிருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று மிஸஸ் பெய்லிக்கு. அடுப்பு கொடுத்ததற்கு என் பெயரைச் சொல்லிக் கொடு. பால் ஊற்றாமல் ஒரு தடவை குடித்துப் பார்க்கச் சொல்.

உன் கைபட்டுப் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும், நீயும் எடுத்த படிப்பை முடித்து, சொன்ன நாளில், சொன்ன மாதிரியே வந்து சேர மாரியம்மன் கூட நிற்பாள். அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். பதில் எழுதும்போது ஒன்றை மறக்காமல் எழுது. அந்த மிஸஸ் பெய்லி வீட்டில் அடுப்பில் வைத்தது பொங்கி வழிந்தால் நீ யாரைக் கூப்பிடுகிறாய்?

இப்படிக்கு
உன் அப்பா,
இராமையா